கடையில் நிற்கும் தம்பி

2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த நாட்டின் வேலையின்மை 2023-24இல் 3.2 ஆகிவிட்டது என்கிறது மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு. எண் பொய்யில்லை. யாரையெல்லாம் 'வேலையில் இருப்பவர்' என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் என் மனசு நிற்கிறது.

சித்தி மகன் பி.இ. படித்தவன். கிடைத்த வேலையும் போனபிறகு, சித்தப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறான். சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குக் கேட்டால் கிடைக்கும். கணக்கெடுப்பில் அவன் வேலையற்றவன் அல்ல, குடும்பத் தொழிலில் ஊதியமில்லாத உதவியாளர். 2023-24இல் வேலையில் இருந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இப்படித்தான். பெரும்பாலோர் பெண்கள்: மாடு கறப்பவர்கள், சொந்த வயலில் களையெடுப்பவர்கள். ஒரு வாரத்தை மட்டும் பார்க்கும் இன்னொரு கணக்கிலோ, அந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே போதும், 'வேலையில் இருப்பவர்' ஆகிவிடலாம்.

அந்த உழைப்பை எண்ணத்தான் வேண்டும். ஆனால் அதையும் மாதச் சம்பள வேலையையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டு நிம்மதியடைய என்னால் முடியவில்லை. வேலையில் இருப்போரில் விவசாயத்தில் உழைப்போரின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதம், 2023-24இல் 46.1. ஆலைகள் அழைத்துக்கொள்ள வேண்டியவர்களை வயல் திரும்ப வாங்கிக்கொண்டது.

போன வாரம் தம்பியிடம் கேட்டேன், "இப்ப என்னடா பண்றே?"

"சும்மாதாண்ணே இருக்கேன்."

தினமும் காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறவன் அவன்.