இடமிருந்தும் இடமின்மை

இடமில்லை என்னும் விடை, இடம் தீர்ந்தபோது மட்டும் வருவதன்று. வன்தட்டின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும்போதே, புதிய அடைவொன்றை ஆக்க இயலாதெனக் கணினி மறுப்பதுண்டு. தரவு திரட்டுவோர் தட்டின் கொள்ளளவை அளந்து பார்ப்பர். அடைவுக்கும் ஓர் அளவுண்டு என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

அடைவு என்பது பெட்டியன்று, பெயர்களின் பட்டியலே. எம்.எஸ்.டொஸ் காலத்துப் 'பற் 16' முறையில், வன்தட்டின் மூல அடைவுக்கு வழக்கமாக 512 பதிவுகளே ஒதுக்கப்பட்டன. பதிவொன்றுக்கு 32 பைற்று. ஆக 16 கிலோபைற்று. அவை நிறைந்துவிட்டால், தட்டில் எத்துணை இடமிருப்பினும் அவ்வடைவில் மேலுமொரு கோப்புக்கு வழியில்லை. 1995இல் வின்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தபின், ஒரு பெயரே பல பதிவுகளை விழுங்கலாயிற்று.

லினக்ஸின் 'எக்ஸ்ட் 3' முறையிற் காணப்படும் எல்லை வேறு வகையினது. அங்கு ஓர் அடைவைச் சுட்டும் இணைப்புகள் 32,000க்கு மேற்படலாகா. மேலடைவில் உள்ள அதன் பெயர் ஓர் இணைப்பு. அது தன்னைத்தானே சுட்டும் ஒற்றைப்புள்ளி மற்றொன்று. உள்ளடைவு ஒவ்வொன்றும் தன் தாயை இரட்டைப்புள்ளியாற் சுட்டுவதால், உள்ளடைவுக்கு ஒன்றாக இணைப்புகள் பெருகும். எனவே 31,998 உள்ளடைவுகளே இயலும். கோப்புகள் இக்கணக்கிற் சேரா. 2008இல் நிலைபெற்ற 'எக்ஸ்ட் 4' அவ்வெல்லையை 65,000க்கு உயர்த்தியது. அதனையுங் கடந்தால், எண்ணுவதைக் கைவிட்டு 1 என்று எழுதிவைக்கும் வழியையுங் கண்டது. எண்ணாது விடுதலும் ஒரு தீர்வே போலும்!

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள. சொல்லுக்கோர் அடைவாக அவற்றை 'எக்ஸ்ட் 3'இற் பதிக்க முனைபவர் மூன்றிலொரு பங்கையும் எட்டார். முதலெழுத்தாற் பிரிப்பின், ககரமும் பகரமும் நெருக்குண்ண, ஙகரம் வெறிச்சோடிக் கிடக்கும்.

2005இல் வெளிவந்த 'கிற்' மென்பொருள் வேறொரு வழியைக் கையாள்கிறது. உள்ளடக்கத்திலிருந்து 40 இலக்கக் குறியொன்றைப் பதினறும எண்முறையிற் கணித்து, அதன் முதலிரு இலக்கங்களால் 256 அடைவுகளிற் பரப்புகிறது. இக்கணிப்பை விடுத்து, பெயரின் முதலிரு பைற்றுகளைக் கொண்டே பிரிப்போரும் உளர். ஆங்கிலப் பெயர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். தமிழுக்கோ அது பயன்படாது. யூ.ரி.எவ்.-8 முறையில் தமிழ் உயிரும் அகரமேறிய மெய்யும் மூன்று பைற்றுகள் கொள்வன. அவற்றுள் முதலிரண்டும் எல்லா எழுத்துக்கும் ஒன்றே. அம்மாவும் யானையும் ஒரே அடைவிற் சென்று விழும். ஆங்கிலச் சொற்களை மட்டும் இட்டுச் சோதித்தவருக்கு இது புலப்படாது. தமிழ்த் தரவு முப்பதாயிரத்தைத் தாண்டும் நாளிலேயே புலப்படும்.

கணித்த குறியாற் பிரித்தால் நெருக்கம் நீங்கும் என்பது மெய். ஆயினும், அவ்வடைவுகளைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சொல் எதுவும் தெரியாது. எது எங்குள்ளது எனக் கூறும் பட்டியலொன்றைத் தனியே பேணல் வேண்டும். அப்பட்டியல் அழிந்துவிடின், இலட்சங் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியிராது.