நிற்கவைத்து அளக்க வேண்டும்

கடைக்குள் வருபவர்கள் முதலில் சொல்வது ஒரு எண். "எட்டு எடுங்க தம்பி, எனக்கு எப்பவும் எட்டுதான்." கேட்டுக்கொள்வேன்; அலமாரிப் பக்கம் போகமாட்டேன். ஓடும்போது போடும் சாக்ஸோடு அளவுப் பலகை மேல் ஏறி நிற்கச் சொல்வேன். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்தில் சார்ல்ஸ் பிரானக் 1920களில் வடிவமைத்த உலோகப் பலகை அது. உட்கார்ந்தபடி அளந்தால் பாதத்தில் பாரம் இறங்காது. நின்றால்தான் உள்வளைவு சற்றுத் தாழ்ந்து, விரல்கள் விரிந்து, பாதம் தன் முழு நீளத்துக்கு வரும். இரண்டு காலையும் அளப்பேன். பலருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் ஷூ.

பலகை மூன்று அளவுகளைச் சொல்லும்: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை, அப்புறம் அகலம். எல்லோரும் கவனிப்பது முதலாவதை. எனக்கு முக்கியம் இரண்டாவது. ஓடும்போது பாதம் மடங்குவது அந்த மூட்டில்தான். ஷூவும் அங்கேயே மடங்க வேண்டும்.

சென்னையில் அகலம்தான் அன்றாடச் சிக்கல். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதங்கள் முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். ஆண்களுக்கான ஓட்ட ஷூக்களில் வழக்கமான அகலம் 'டி'. அதற்கு மேல் '2ஈ', '4ஈ'. அவை கைக்குக் கிடைக்காதபோது ஒரு சைஸ் பெரிதாக வாங்கிச் சமாளிக்கிறார்கள். பிரிட்டிஷ் அளவில் ஒரு சைஸ் என்பது கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர் நீளம். அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. சுண்டுவிரல் நெருக்கம் தீராமல் இருக்க, குதிகால் மட்டும் நழுவித் தூக்கும். ஷூ மடங்கும் இடமோ மூட்டைத் தாண்டி முன்னே போய்விடும். கொப்புளம் என்று வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பெண்களுக்கு வழக்கமான அகலம் இன்னும் குறுகலான 'பி'. அகலப் பாதமுள்ள அக்காக்களுக்கு ஆண்கள் 'டி' ஷூவை எடுத்துக் கொடுப்பேன். முதலில் தயங்குவார்கள், நிறம் பிடிக்காது. போட்டு நாலு எட்டு நடந்ததும் முகம் தெளிந்துவிடும்.

மிக நீண்ட விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். பலருக்கு நீண்ட விரல் பெருவிரல் அல்ல, அதற்கு அடுத்தது. நம் வெயிலில் தொலைதூரம் ஓடினால் பாதம் வீங்கும். இடமில்லாவிட்டால் நகம் கருத்துவிடும். அதனால்தான் சாயங்காலம் வரச் சொல்கிறேன். பகலெல்லாம் நின்று நடந்து சற்று உப்பிய பாதம்தான் உண்மையைச் சொல்லும்.

தட்டைப் பாதமா, அப்படியானால் இந்த வகை ஷூ என்று உள்வளைவைப் பார்த்தே முடிவுசெய்யும் பழக்கம் இந்தத் தொழிலில் வெகுகாலம் இருந்தது. அமெரிக்கத் தரைப்படையிலும் விமானப்படையிலும் மரைன் படையிலும் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அப்படியே ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். வளைவைப் பார்க்காமல் ஒரே வகை கொடுத்த குழுவைவிட இவர்களுக்குக் காயம் குறையவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் 2015இல் சகாக்களோடு எழுதிய கட்டுரையில், ஓடுபவர் தனக்குச் சௌகரியமானதைத் தேர்ந்தெடுப்பதே காயத்தைக் குறைக்கக்கூடும் என்று முன்வைத்தார். என் கையனுபவமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்ல அல்ல, குதிகால் நழுவுகிறதா, லேஸை மேல் துளைவரை கோத்துக் கட்ட வேண்டுமா என்று பார்க்க.

கடைசியில் இடது காலில் ஒரு மாடல், வலது காலில் வேறொன்று போட்டுவிட்டு, தெருமுனை வரை ஓடிவரச் சொல்வேன். திரும்பி வந்ததும் விலையையோ பெயரையோ பேசமாட்டேன். "எந்தக் காலை மறந்துட்டு ஓடினீங்க சார்?" என்பதுதான் கேள்வி. சிலர் யோசிக்காமல் ஒரு காலைக் காட்டுவார்கள். சிலர் இரண்டையும் கழற்றிக் கீழே வைப்பார்கள். அவர்களுக்கு பில் போடமாட்டேன். '2ஈ' வந்ததும் கூப்பிட நம்பரை எழுதிக்கொள்வேன்.