சவுண்டு கார்டு போகவில்லை, பெயர்தான் தெரியவில்லை



அம்மாவின் தாலாட்டுப் பதிவைக் கேட்டுவிட்டு, "கேசட்டிலிருந்து எப்படி சார் எடுத்தீங்க?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் போனில் சொல்லி மாளவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கேசட் நாடா காலம் போகப் போக மங்கும், ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் குரல் வேறு எங்கும் இல்லை. அதனால் தள்ளிப்போட மனமில்லை.

பேரனின் லேப்டாப்பில் ஹெட்செட்டுக்கு ஒரே ஒரு துளைதான். அதில் உள்ளே போவது மைக் ஒலி மட்டும். டேப்பிலிருந்து வரும் சிக்னல் மைக்கைவிடப் பலமானது. கொடுத்தால் கரகரவென்று சிதையும். டேப்புக்கு வேண்டியது 'லைன் இன்' என்னும் வெளிர்நீலத் துளை. அது பரணில் கிடந்த பழைய கணினியில் இருந்தது. ஆனால் விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு அதில் சத்தமே வரவில்லை. பழுது பார்க்கும் கடையில் "சவுண்டு கார்டு போச்சு சார், போர்டையே மாத்தணும்" என்றார்கள்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலி என்பது கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தம். அதை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதுவதும், எண்ணைத் திரும்ப மின்னழுத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதும்தான் சவுண்டு கார்டின் வேலை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்டு பிளாஸ்டரைக் கொண்டுவந்த காலத்தில் அது நிஜமாகவே தனி அட்டை. இப்போது பெரும்பாலான கணினிகளில் அட்டை கிடையாது. மதர்போர்டிலேயே விரல் நகம் அளவுக்கு ஒரு சிப். ரியல்டெக் சிப் என்றால் மேலே குட்டி நண்டு படம் இருக்கும். டார்ச் அடித்துத் தேடிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்!

பெட்டியைத் திறக்காமலும் கண்டுபிடிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஆடியோ என்று ஏதாவது நிற்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ், அதற்குள் ஹார்டுவேர் ஐடீஸ். 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து தயாரிப்பாளரைச் சொல்லும்: 10இசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல். (இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு 8086 எங்கே பார்த்த எண் என்று ஞாபகம் வரும்.) 'டெவ்' என்பதற்குப் பின்னால் சிப்பின் எண். என்னுடையதில் 10இசி, 0662. அதாவது ரியல்டெக் ஏஎல்சி662. இரண்டு பெயர் தெரிந்தால் குழம்ப வேண்டாம்; ஒன்று மானிட்டருக்கு எச்டிஎம்ஐ வழியாகப் போகும் ஒலிக்கானது.

சிப் நன்றாகத்தான் இருந்தது. அதனோடு பேசத் தெரிந்த டிரைவர்தான் இல்லை. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டதும் ஸ்பீக்கர் பேசியது. செலவு, டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நீலத் துளைக்கு ஒரு ஒயர் மட்டும். பதிவுக்கு ஆடாசிட்டி, இலவசம்.

தாலாட்டின் நடுவே அம்மா பாட்டை நிறுத்தி, "பால் பொங்குது பாரு" என்று யாரையோ அதட்டுகிறாள். வெட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்று தங்கை சண்டைக்கு வந்துவிட்டாள்.

இரண்டாம் பக்கம் இன்னும் பாக்கி. பெரியக்கா வீட்டில் இருக்கும் மற்ற இரண்டு கேசட்டையும் பொங்கலுக்கு வரும்போது யாராவது எடுத்து வாருங்கள். அங்கே இருக்கிற டேப்பில் போட்டுப் பார்க்க வேண்டாம், நாடா சிக்கிக்கொள்ளும்.