முள்ளை அள்ளி, மண்ணை விட்டு

மே 27, ஆலங்குளம்

கோடை மழை தலைகாட்டிப் போன பின்பு, சிமெண்ட் ஆலைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் எங்கள் கரிசலை இன்று காலை சுற்றிப் பார்த்தேன். தகப்பனார் காலத்தில் பருத்தியும் கம்பும் மாறி மாறி விளைந்து, பிற்பாடு உழுவாரின்றித் தரிசாய்ப் போன அந்தப் பூமியில், சீமைக் கருவை மனிதன் நுழைய வழியில்லாதபடி அடர்ந்து நிற்கிறது. 1877-ஆம் ஆண்டு வாக்கில் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகளைக் கடப்பைச் சீமையில் ஊன்றியதிலிருந்து தென்னாட்டில் இந்த மரத்தின் சரித்திரம் தொடங்குகிறது என்பார்கள். விறகுக்கு உதவும் என்றும் வறட்சிக்கு அஞ்சாது என்றும் மதித்து வளர்க்கப்பட்ட அது, ஆடும் மாடும் அதன் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பியதால், ஊன்றாத இடங்களிலும் முளைத்து, வானம் பார்த்த பூமிகள் பலவற்றைத் தன்வசமாக்கிக் கொண்டது.

வேறு சீமைகளிலே வெட்டிய முள்ளைக் குவித்துத் தீயிட்டுவிட்டு மறுநாளே ஏர் கட்டலாம். சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையில், கருவைக் காட்டின் நடுவே பட்டாசு ஆலைகளின் சிறு சிறு அறைகள் விலகி விலகி நிற்கும் எங்கள் பிராந்தியத்தில் அந்த எண்ணத்துக்கே இடமில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த வெடி விபத்தைக் கண்டும் கேட்டும் உள்ளம் நைந்த ஜனங்கள், வயற்காட்டில் புகை எழும்பினாலே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே இங்கே முள்ளை வெட்டினால் மட்டும் போதாது. அதை அள்ளிச் சுமந்து அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். கவைக்கம்பால் அழுத்தி, அரிவாளால் இழுத்து, கை கால்களைக் கிழித்துக்கொண்டு முள் சுமந்த பெண்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். இன்று அவர்களுடைய மக்கள் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறார்கள். திரும்பவும் அவர்களை முள்ளுக்குள் இறங்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. டிராக்டரின் முன்னால் பூட்டியிருக்கும் லோடருக்கு ஒரு கிராப்பிள், அதாவது முள்ளைப் பற்றி அள்ளும் கவ்வி, வாங்குவதென்று நிச்சயித்துவிட்டேன்.

ஜூன் 3

சாத்தூர் சாலையிலுள்ள பட்டறை ஒன்றில் பகல் முழுவதும் கழிந்தது. கவ்வும் சாதனங்களில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் பொறுமையாகக் காட்டினார்கள். கரும்பு ஆலைகள் உள்ள ஜில்லாக்களில் கரும்புக் கட்டை அள்ளுவதற்கு உபயோகிக்கும் நகங்கள் போன்றது ஒன்று; வழவழப்பான தண்டுகளை இறுகப் பற்றுவதற்கே அது ஏற்றது, கிளையும் முள்ளுமாய்ச் சிக்கிக் கிடக்கும் கருவைக்கு ஒவ்வாது. அடிப்புறம் முழுத் தகடாயிருக்கும் பக்கெட்டின்மேல் மூடிபோல் வந்து கவ்வுவது இன்னொன்று. மூன்றாவது, அடித்தகடே இல்லாமல் வளைந்த பற்களை வரிசையாய் நிறுத்தி, மேலே இரண்டு தாடைகளை வைத்திருப்பது.

பட்டறைக்காரத் தம்பி இரண்டாவதையே சிபாரிசு செய்தார். “அண்ணாச்சி, இதை வாங்குனீங்கன்னா மண்ணும் அள்ளிக்கிடலாம், முள்ளும் அள்ளிக்கிடலாம். ஒரே செலவுல ரெண்டு வேலை” என்றார்.

“தம்பி, மண்ணை அள்ளிரக் கூடாதேன்னுதான் நான் இதைத் தேடியே வந்திருக்கேன்” என்றேன்.

எங்கள் மேல்மண் தலைமுறை தலைமுறையாக எருவும் ஆட்டுக்கிடையும் கண்டது. அதை முள்ளோடு சேர்த்து வரப்போரத்தில் குவித்துவிட்டு, அடியிலுள்ள சுக்கான் மண்ணில் விதைப்பதென்றால் காடு வெட்டுவதில் என்ன பிரயோஜனம்? கவ்வியின் யோக்கியதையை அது எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதைக்காட்டிலும் எதைக் கீழே விடுகிறது என்பதைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே பற்களுக்கிடையே ஏறக்குறைய 20 செ.மீ. இடைவெளியுள்ள மூன்றாவதைத் தேர்ந்தேன். அதன் இரு தாடைகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் தனித்தனி சிலிண்டரால் இயங்குவதும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் பருத்த தூரும் மறுபக்கம் மெல்லிய கிளைகளுமாகக் குவியல் அமைந்தால், தூரைத் தொட்ட தாடை நின்றுவிட, எண்ணெய் எதிர்ப்புக் குறைந்த பக்கம் பாய்ந்து மற்றதையும் இறுக்கும். ஒற்றைத் தாடையாயிருந்தால் தூர் தடுத்த இடத்தோடு நின்று, கிளைகள் வழியெல்லாம் சிந்தும்.

கனத்தைப் பற்றி நெடுநேரம் சம்பாஷித்தோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கனத்த இரும்பே உறுதியென்று நம்பி இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். லோடர் 1000 கிலோ தூக்குமென்று விவரச் சீட்டில் எழுதியிருந்தால், அது கைகளின் நுனியிலுள்ள இணைப்பு ஆணி அருகே அளந்த கணக்கு. கவ்வியே 250 கிலோ இருந்துவிட்டால் அது முதலில் கழிய வேண்டும். பாரமோ அந்த ஆணிக்கும் முன்னால் தள்ளி அமர்வதால் மேலும் குறைய வேண்டும். கடைசியில் 500, 600 கிலோவுக்குமேல் எதிர்பார்ப்பது பேராசை. டிராக்டரின் அகலத்தைவிடப் பெரிதாகக் கவ்வி வாங்குவதும் அப்படியே. அளவுக்கு மீறி வாரிக்கொண்டால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும்.

எண்ணெய்ப் போக்குவரத்து ஒன்றே பாக்கியிருந்தது. டிப்பர் டிரெய்லரைத் தூக்க டிராக்டரில் ஏற்கனவே உள்ள இணைப்பு ஒருவழிப்பட்டது. எண்ணெய் தள்ளினால் டிரெய்லர் எழும்பும், விட்டால் தன் கனத்தாலேயே இறங்கிவிடும். கவ்விக்கோ திறக்கவும் எண்ணெய் வேண்டும், மூடவும் எண்ணெய் வேண்டும். ஆகையால் லோடரை ஏற்றி இறக்கும் வால்வுக்கும் சாய்த்து நிமிர்த்தும் வால்வுக்கும் அப்பால், இருவழி வால்வு ஒன்றைப் புதிதாகப் பொருத்தச் சொன்னேன். குழாய் அறுந்தாலும் தாடை திடீரென்று வாய் பிளக்காதபடி சிலிண்டரிலேயே லாக் வால்வு ஒன்றும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கான செலவைக் குறைக்கும்படி வீட்டில் சொன்னார்கள், நான் இணங்கவில்லை.

ஜூன் 10

கவ்வி வந்து பூட்டியாயிற்று. முன்னே கனம் ஏறினால் பின்னே எதிர்க்கனம் வேண்டும். பின்சக்கர டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினோம், 13.6-28 அளவுள்ள டயர் ஒவ்வொன்றும் சுமார் 200 லிட்டர் கொள்ளும். அதற்கு மேலும் பின்னால் மூன்று முனை இணைப்பில் கான்கிரீட் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். ரேடியேட்டருக்கு முன்னால் கனத்த கம்பிவலை, டிரைவர் அமரும் இடத்துக்கு முன்னாலும் மேலேயும் வலைக்கூண்டு.

ஜூன் 17

இன்று வேலை ஆரம்பம். மண் முற்றிலும் உலர்ந்திருந்தால் பாறைபோல் இறுகி வேர் பாதியில் அறும். ஈரம் மிகுந்திருந்தால் கரிசல் களிம்புபோல் பற்களுக்கிடையே அப்பிக்கொண்டு எந்த இடைவெளியாலும் விழாது. மழைக்குப் பின் மேல்மண் வெளுத்து, கையில் எடுத்துப் பிசைந்தால் உதிரும் பதத்துக்காகவே இதுவரை காத்திருந்தோம்.

வேரைப் பெயர்க்கும் வேலையை ஜேசிபியிடம் விட்டுவிட்டோம். கவ்வியின் பற்களைத் தூருக்கடியில் கொடுத்து நெம்பினால் ஏன் வராது என்று கேட்பவர்கள் உண்டு. சிறு கன்றுகள் வரும். பெரிய தூரைப் பக்கவாட்டில் நெம்பும்போதோ லோடரின் ஒரு கைக்கு மட்டும் பாரம் ஏறி, இரு கைகளும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளும். ஒரு முறை கோணிய கையைப் பட்டறையில் நேராக்கிவிடலாமே ஒழிய, பழைய உறுதியைத் திரும்பக் கொடுக்க முடியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் வெட்டிய இடத்தில் இதே குடும்பத்து மரத்தின் வேர் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டிருக்கிறது. அவ்வளவு ஆழம் போனதை யாராலும் பறிக்க இயலாது. பறிக்கத் தேவையும் இல்லை. தழைக்கும் மொட்டுகளெல்லாம் நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூரின் கழுத்தில் இருப்பதால், ஓரடிக்கும் கீழே வேரை அறுத்துத் தூரைப் புரட்டிவிட்டால் மரம் முடிந்தது. டெக்சாஸ் மாநிலத்து மேய்ச்சல் பண்ணைகளிலே இதே குடும்பத்து மரத்தை அழிக்க, நிலத்தடியில் வேரறுக்கும் கலப்பையை அதே ஆழத்தில் ஓட்டுகிறார்கள்.

புரட்டிப் போட்டவற்றை அள்ளும்போது எங்கள் டிரைவர் காட்டிய நிதானம் கண்ணுக்கு இன்பமாயிருந்தது. பற்களைத் தரையில் குத்தாமல், நிலத்துக்கு நாலு விரற்கடை மேலே படுக்கைவாட்டில் செலுத்திக் குவியலுக்கடியில் நுழைத்து, முன்னேறியபடியே அதைச் சுருட்டி, பிறகு தாடைகளை மூடினார். தரையைவிட்டுச் சற்றே உயர்த்தி, நெம்புகோலைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைக்க, தூரில் பற்றியிருந்த மண்கட்டிகள் பற்களினூடே பொலபொலவென்று உதிர்ந்து அது பறிக்கப்பட்ட குழியிலேயே விழுந்தன. அதைக் கண்டபோது எனக்குண்டான சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. முள் மட்டும் போயிற்று, எங்கள் மண் எங்கள் நிலத்திலேயே தங்கிற்று. பாரத்தை முழங்கால் உயரத்துக்குமேல் தூக்காமலே வரப்போரம் கொண்டுபோனார்.

ஜூன் 18

பஞ்சர். கருவை முள் புது டயரையும் விடுவதில்லை. முன்சக்கரத்துக்குத்தான் உபத்திரவம் அதிகம். டியூபுக்குள் துவாரம் அடைக்கும் திரவம் ஊற்றியிருக்கிறோம். சக்கரம் செல்லும் தடத்தைக் கவ்வியாலேயே முதலில் சுத்தம் செய்துகொண்டு, அந்தத் தடத்தைவிட்டு விலகாமல் ஓட்டினால் தொல்லை பெருமளவு குறையும்.

ஜூன் 25

பக்கத்துப் பட்டாசு ஆலையின் எல்லையோரம் இன்று சுத்தமாயிற்று. ஆலையைச் சுற்றிக் காய்ந்த புல்லும் புதரும் இல்லாமல் வைத்திருப்பது அவர்களுடைய பாதுகாப்பு நியமங்களில் ஒன்று; எல்லைக்கு இப்பால் என் நிலத்தில் காடு மண்டிக் கிடந்தால் அவர்களுடைய கவனத்துக்கு அர்த்தமில்லாமல் போகும். போர்மேனிடம் முன்பே பேசியிருந்தேன். “அண்ணாச்சி, அறைகள்ல ஆள் இருக்கயில வேண்டாம். லீவு அன்னிக்கு வச்சுக்கிடுவோம், நானும் கூடவே நிக்கேன்” என்றார். மருந்துக் கலவை அறைகளில் பொறி எழாதிருக்கப் பித்தளைக் கருவிகளையும் மரக் கருவிகளையும் கையாளும் வழக்கத்தில் ஊறியவர் அவர். இரும்புப் பல் கல்லில் உரசினாலும் டிராக்டரின் புகைக்குழாயிலிருந்து ஒரு கரித்துகள் கனன்று பறந்தாலும் என்னவாகும் என்பதை அவருக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புகைக்குழாய்க்குப் பொறி தடுக்கும் கூடு மாட்டி, வேலிக்கு அருகில் வராமல், அங்கே வெட்டப்பட்டதைக் கயிறு கட்டி இப்பால் இழுத்த பிறகே அள்ளினோம். தாமதமான வேலைதான். அவசரப்படும் உரிமை இந்த ஊரில் எவருக்கும் கிடையாது.

மாலையில் குழாய் ஒன்றின் இணைப்பில் எண்ணெய் கசிவதைப் பார்த்து, உதவிக்கு நின்ற பையன் விரலால் தடவப் போனான். பதறித் தடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக அத்தனை அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே முள் குத்திய காயம்போலத்தான் தோன்றும், உள்ளே சதை அழுகி விரலையே வெட்டியெடுக்க நேரிடும். கவ்வியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை அசைத்து அழுத்தத்தை விடுவித்த பிறகே குழாயைத் தொட வேண்டும்; கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டே போதும். இதை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

ஜூலை 6

கரி மூட்டம் போடுகிறவர் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்து தூர்களையும் பருங்கிளைகளையும் விலைக்குக் கொண்டுபோனார். கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களிலும் இங்கும் எத்தனையோ குடும்பங்கள் கருவைக் கரியாலேதான் அடுப்பு மூட்டுகின்றன. இந்த மரத்தை வெறுமனே சபிப்பது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. மண் ஒட்டாத தூர் என்பதால் கூடுதல் விலை கொடுத்தார். மண்ணோடு அடுக்கிய விறகில் மூட்டம் சீராய் வேகாதென்பது அவருடைய அநுபவம். சிறு முள்ளும் சருகும் நிலத்தின் ஓரத்தில் மழைநீர் வழிந்தோடும் ஓடையின் குறுக்கே வரிசையாய்க் கிடக்கின்றன. வரும் ஐப்பசி மழையில் அவை வண்டலைத் தேக்கும்.

ஜூலை 14

கவ்வியை வாடகைக்குக் கேட்டு ஊரில் சிலர் வந்தார்கள். எங்கள் டிரைவரோடுதான் வரும், அது இயங்கும்போது அதற்கு எட்டும் தூரத்துக்குள் எவரும் நிற்கலாகாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தேன்.

என் மனம் இப்போது ஊர்க் கண்மாயைப் பற்றியே நினைக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணையால் தென் ஜில்லாக்களெங்கும் கருவை வெட்டுவது ஓர் இயக்கம்போல் நடந்தது. அவ்வாண்டிலேயே இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டிய இடங்கள் பலவற்றில் ஒற்றைத் தண்டாக நின்றது பல தண்டுகளாகத் தழைத்துவிட்டதை இன்றும் காணலாம். காரணம் சாமானியமானது. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களை ஏலம் எடுப்பவருக்கு விறகில்தான் பணம். தூரைப் பறிப்பது அவருக்கு வீண் செலவு. ஆகவே தரைக்குமேல் அறுத்துக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போகிறார். அடுத்த ஏலத்துக்கு மரம் தயாராகிறது, தண்ணீர் நிற்கும் இடம் குறைகிறது.

ஆகையால் ஏல நிபந்தனையிலேயே மூன்று விஷயங்களைச் சேர்க்கும்படி மனு ஒன்று எழுதியிருக்கிறேன்: ஓரடிக்குக் கீழே வேரறுத்துத் தூரையும் எடுத்துப்போக வேண்டும், கண்மாய் மண்ணும் வண்டலும் அதோடு சேர்ந்து வெளியேறாதபடி திறந்த பல்லுள்ள கவ்வியாலேயே அள்ள வேண்டும், ஓராண்டு கழித்து முளைத்த கன்றுகளையும் ஏலம் எடுத்தவரே களைந்து கொடுத்த பின்புதான் வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள் சிலர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மடைக்குக் கீழே நிலமுள்ள மற்றவர்களையும் நாளைக் காலை போய்ப் பார்க்க வேண்டும்.