பதினொன்றாம் பிரிவை எழுதியவன்

விளையாட்டில் நடந்ததுதானே என்று இதைப் படிப்பவர்கள் என்னை மன்னித்துவிடக்கூடும். அவசரப்பட வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நேஷன்ஸ்டேட்ஸ் என்று ஓர் இணைய விளையாட்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பாரி தன் நாவலுக்கு விளம்பரமாக 2002-இல் தொடங்கியது. அதில் நாம் ஒரு நாட்டை உருவாக்கி நடத்தலாம். நாடுகள் சேர்ந்தால் மண்டலம். மண்டலத்தில் உள்ள வேர்ல்ட் அசெம்ப்ளி உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஆதரவு தரலாம். யாருக்கு ஆதரவு அதிகமோ அவர் டெலிகேட். நாளுக்கு இரண்டு முறை, அப்டேட் நேரத்தில், இந்தக் கணக்கு பார்க்கப்படும். கணினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அரசியல் சட்டம், பேரவை, தேர்தல் எல்லாம் ஆடுகிறவர்கள் தாங்களாகவே வைத்துக்கொள்வது.

எங்கள் மண்டலத்தின் நிறுவனர் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். அந்தக் காலத்தில் நிறுவனர் இல்லாத மண்டலம் என்றால் பூட்டில்லாத வீடு. அப்படிப்பட்டவற்றைப் பிடிப்பதற்கென்றே ரெய்டர்கள் கூட்டம் கூட்டமாக அலைவார்கள். அதனால் காவலர்கள் என்று சிலரை வைத்திருந்தோம். டெலிகேட்டுக்கு அடுத்தபடியாக நிறைய ஆதரவை அவர்கள் எப்போதும் சேர்த்து வைத்திருப்பார்கள். டெலிகேட் கவிழ்ந்தாலும் வெளியாள் எளிதில் ஏற முடியாது.

பேரவைக்கு ஆள் வரவில்லை. மசோதாக்கள் தேங்கின. சீர்திருத்தம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் நான் பேனாவை எடுத்தது அதற்காக அல்ல. என் பெயரில் ஓர் அரசியல் சட்டம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அலுவலகத்தில் என் கருத்தை யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்டார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்துப்போயிற்று.

காவலர் பதவி தேர்தலில் வருவது அல்ல, ஆகவே ஒழிக்க வேண்டும் என்று எழுதினேன். பதினொன்றாம் பிரிவில் இன்னொன்றும் சேர்த்தேன். தேர்தல் முடிவு வந்த உடனே பழைய டெலிகேட்டுக்குத் தந்த ஆதரவை அனைவரும் விலக்கிக்கொள்ள வேண்டும். தோற்றவர் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் வாதம்.

மூத்த காவலர் ஒருவர் நான்கே வரியில் பதில் சொன்னார். "விலக்குவதை எல்லோரும் உடனே செய்துவிடுவார்கள். புதியவருக்குத் தருவதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். இடையில் யாருக்குமே ஆதரவு இருக்காது. புதியவர் முந்திய பிறகு விலக்கச் சொல்லுங்கள்."

நான் மோன்டெஸ்கியூவைத் துணைக்கு அழைத்து நீண்ட பதில் எழுதினேன். அதிகாரப் பிரிவினை பற்றி அவர் 1748-இல் எழுதியதற்கும் அப்டேட் நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவையில் யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு வரி வைத்தேன்: "பதவியில் இருப்பவர்களுக்கு மாற்றம் கசப்பது இயல்புதான்." அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அன்றிரவே அவர் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரே வாக்கியத்தை மாற்றினால் போதும். மாற்றவில்லை. மாற்றினால் எல்லோர் முன்பும் அவருக்குத் தலைவணங்கியதாக ஆகிவிடும் என்று பயந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சட்டம் நிறைவேறியது. பாராட்டுகள் வந்தன. முதல் தேர்தல் முடிந்ததும் உறுப்பினர்கள் சட்டப்படி ஆதரவை விலக்கினார்கள். புதியவருக்குக் கொஞ்சம்தான் சேர்ந்திருந்தது. அப்டேட்டுக்குச் சற்று முன் ரெய்டர்கள் நுழைந்து, தங்கள் ஆளுக்கு ஆதரவைக் குவித்தார்கள். காலையில் பார்த்தால் எங்கள் கொடியே மாறியிருந்தது.

பிடித்தவர்கள் எங்கள் உறுப்பினர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். வெளியேற்றுவதற்கு ஆட்டத்தில் ஒரு விலை உண்டு. நெடுநாள் இருந்தவர்களை அகற்ற அதிகச் செல்வாக்கைச் செலவழிக்க வேண்டும். புதியவர்களை மலிவாகத் தள்ளிவிடலாம். எனவே எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியவர்கள் அண்மையில் சேர்ந்த பிள்ளைகள். வெளியேற்றப்பட்டவர்கள் போய் விழும் இடத்துக்குத் தி ரிஜெக்டட் ரெல்ம்ஸ் என்று பெயர். அங்கிருந்து ஒரு பையன் எனக்குச் செய்தி அனுப்பினான். எங்கள் மண்டலத்துக்கு வரைபடம் வரைந்துகொண்டிருந்தவன். "நான் என்ன தப்பு செய்தேன், ஏன் என்னை நீக்கினீர்கள்?" நாங்கள்தான் நீக்கினோம் என்று நினைத்துவிட்டான். நான் பதில் போடவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது பொய். சொல்ல வெட்கப்பட்டேன். 28 நாள் யாரும் உள்நுழையாத நாடு ஆட்டத்திலிருந்து மறைந்துவிடும். அவன் நாடும் மறைந்தது.

மண்டலத்தை மீட்டது வெளியிலிருந்து வந்த பாதுகாப்பு அணிகள். உள்ளே அசையாமல் நின்று அவர்களுக்கு வழி சொன்னவர் அந்தக் காவலர். பிறகு நடந்ததை ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. பழைய டெலிகேட் ஒத்துழைக்கவில்லை, உறுப்பினர்கள் மெத்தனமாக இருந்தார்கள் என்று எழுதினேன். பதினொன்றாம் பிரிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம்பினார்கள். பழைய டெலிகேட் தன் பக்க நியாயத்தை விளக்கிப் பார்த்துவிட்டு விலகிப் போனார்.

அந்த அறிக்கையை இன்று திருத்துகிறேன். பழைய டெலிகேட் சட்டம் சொன்னபடிதான் நடந்தார். உறுப்பினர்களும் அப்படித்தான். ஆபத்தை முன்கூட்டியே சொன்னவர் இருந்தார். அவர் சொன்னது சரி என்று தெரிந்தும் அந்தப் பிரிவை அப்படியே விட்டவன் நான். பழியை மற்றவர்கள் மேல் போட்டவனும் நான்தான்.