மணைப் பலகையில் ஒரு மிக்-21

ஃப்ளைட் ஸ்டிக் என்கிற வஸ்துவை முதல் தடவை பார்க்கிறவர்கள் யாரும் அதை ஃப்ளைட் ஸ்டிக் என்று நினைப்பதில்லை. பார்சலைப் பிரித்ததும் என் மனைவி, "புது மிக்ஸியா? ஜார் எங்கே?" என்றாள். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தக் கால பல்லவன் பஸ் கியர் மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றார். இருவரில் மாமனார்தான் கொஞ்சம் கிட்டே வந்தார்.

விஷயம் இதுதான். டி.வி.யில் மாட்டி விளையாடும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களோடு ஒரு கேம்பேட் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல்களால் இரண்டு குட்டிக் காளான்களை உருட்டுவது. கார் ஓட்ட, கால்பந்து ஆட, ஆளைச் சுட, எல்லாவற்றுக்கும் அந்தக் காளான்தான். ஆனால் விமானச் சண்டை கேம் ஆடுகிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. அவர்களுக்குக் காளான் போதாது. நிஜ விமானத்தில் இருக்கிற மாதிரி வலது கைக்கு ஒரு ஸ்டிக். இடது கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு த்ராட்டில். இரண்டும் சேர்ந்ததற்கு 'ஹோட்டாஸ்' என்று பெயர். கைகளை இரண்டிலிருந்தும் எடுக்காமலே எல்லா பட்டன்களையும் அமுக்கிவிடலாம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மாமனார் காதில் அது 'ஹோட்டல்' என்று விழுந்து, "எந்த ஹோட்டலுக்கு?" என்று கிளம்பத் தயாரானார்.

இந்த ஆசை கன்சோல்காரர்களுக்குப் புதிசில்லை. 1995-ல் நாம்கோ கம்பெனி முதல் பிளேஸ்டேஷனுக்காக 'ஏர் காம்பாட்' என்ற கேமை வெளியிட்டது. மறு வருஷமே சோனி இரண்டு பெரிய கைப்பிடிகள் வைத்த ஒரு ஜாய்ஸ்டிக்கை விற்றது. அந்தக் கேம்தான் பிறகு 'ஏஸ் காம்பாட்' என்று பெயர் மாறி வம்சம் வம்சமாக வளர்ந்தது. 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஆறாம் பாகம் வந்தபோது கூடவே ஒரு ஸ்டிக் செட்டும் வந்தது. எண் வரிசையில் ஏழாவது வருவதற்கு 2019 ஜனவரி ஆகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு மேல்! அதற்குள் பையன்கள் அப்பா ஆகிவிட்டார்கள்.

நான் ஆடுவது அந்த ஏழுதான்.

ஸ்டிக் வாங்குகிறவர்களுக்குக் கடையில் சொல்லித்தராத ஒரு சமாசாரம், அதை எங்கே வைப்பது என்பது. மேஜை மேல் வைத்தால் மேஜை உயரம், தோள்பட்டை வலிக்கும். சோபாவில் உட்கார்ந்து மடியில் வைத்தால், கொஞ்சம் வேகமாக இழுத்தவுடன் விமானம் மேலே போகிறதோ இல்லையோ, அடிப்பாகம் எழுந்து வயிற்றில் இடிக்கும். அமெரிக்காவில் இஸ்திரி போடும் மேஜையில் வைத்துக்கொள்கிறார்களாம். நம் வீட்டில் இஸ்திரி போடுவது தெருமுனை வண்டியில். கடைசியில் பரணிலிருந்து ஒரு மணைப் பலகையை எடுத்து, அதன்மேல் ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் வைத்து, பழைய வேட்டிக் கரையால் இறுகக் கட்டி, முட்டி மேல் போட்டுக்கொண்டேன். அப்படியே பொருந்தியது.

"ஏங்க, அது நம்ம கல்யாண மணை" என்றாள் மனைவி.

"அதான் இவ்வளவு ஸ்டெடியா இருக்கு" என்றேன். அன்று எனக்கு ராத்திரி டிபன் நானே செய்துகொண்டேன்.

இனி கொஞ்சம் டெக்னிகல். பயப்பட வேண்டாம், பைக் ஓட்டத் தெரிந்தால் போதும். இந்த கேமில் ஸ்டாண்டர்ட், எக்ஸ்பர்ட் என்று இரண்டு வகை கன்ட்ரோல். ஸ்டாண்டர்டில் இடது பக்கம் சாய்த்தால் விமானம் சமர்த்தாக இடது பக்கம் திரும்பும், ஆட்டோ மாதிரி. எக்ஸ்பர்டில் திரும்பாது. இறக்கை ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். சாய்ந்த பிறகு ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அப்போதுதான் மூக்கு வளைந்துகொண்டு போகும். ஈ.சி.ஆரில் ஒரு வளைவில் பைக்கைச் சாய்த்துத் திருப்புவீர்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. நிஜ விமானமும் இப்படித்தான் திரும்புகிறது. ஸ்டிக் வாங்கிவிட்டு ஸ்டாண்டர்டில் ஆடுகிறவர்கள், வெள்ளி டம்ளர் வாங்கி அதில் குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்கள்.

காளானுக்கும் ஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசம் நீளம். கட்டைவிரலுக்கு அடியில் உள்ள காளான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு சுண்டு சுண்டினால் போதும். கொஞ்சமாகத் திருப்பு என்றால் அதற்குப் புரியாது. ஸ்டிக் உயரமானது. அதே கோணத்துக்குக் கை இன்னும் நிறைய நகர வேண்டும். அதனால் 'கொஞ்சம்' என்பதற்குள்ளேயே 'கொஞ்சூண்டு', 'துளியூண்டு', 'மூச்சு விட்டால் போதும்' என்று பல படிகள் கிடைக்கின்றன. மிஷன்களில் ஒன்று 'கேப் ரெய்னி'. நடு ராத்திரியில், மலை இடுக்கில், ரேடாரிலும் சர்ச்லைட்டிலும் மாட்டாமல் தாழப் பறந்து போய் ஒரு தளத்தைத் தாக்க வேண்டும். அங்கே போய்ப் பாருங்கள், துளியூண்டின் அருமை தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் எஃப்-16 விமானத்துக்கு முதலில் வைத்த ஸ்டிக் அசையவே அசையாது. கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பைலட்டுகளுக்குச் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்ததாம். பிடிக்கவில்லை. பிறகு ஒரு சில மில்லிமீட்டர் அசைகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். மனுஷக் கைக்கு, தான் ஏதோ செய்கிறோம் என்று தெரிய வேண்டியிருக்கிறது.

மற்றபடி கேம் சொல்வதில் பாதிக்கு மேல் பொய். நான் பெரும்பாலும் எடுக்கும் விமானம் மிக்-21. 1963-ல் நம் விமானப்படையில் சேர்ந்து 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் விடைபெற்றதே, அதேதான். நிஜத்தில் நாலு ஏவுகணை சுமந்தால் பெரிசு. கேமில் டஜன் கணக்கில் வந்துகொண்டே இருக்கும், கல்யாணப் பந்தியில் அப்பளம் மாதிரி. பெட்ரோல் தீராது. நிஜ பைலட்டுக்கு ஒரு கூர்மையான திருப்பத்தில் உடம்பு பல மடங்கு கனத்து, ரத்தம் தலையிலிருந்து இறங்கி, கண் இருண்டுபோகும். எனக்கு அதிகபட்சம் கால் மரத்துப்போகும்.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக் வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேம்பேடில் வலது கட்டைவிரல் சும்மா இருப்பதால், எதிரி எங்கே என்று நாலு பக்கமும் சுலபமாகப் பார்க்கலாம். ஆன்லைனில் ஏதோ ஊர்ப் பொடியன், சிப்ஸ் தின்ற விரலோடு காளானை உருட்டி, என்னை ஒரு நிமிஷத்தில் மூன்று தடவை சுட்டுத் தள்ளுகிறான். பாயிண்ட் வேண்டுமென்றால் பேட். பறக்கிற மாதிரி இருக்க வேண்டுமென்றால் ஸ்டிக்.

ஐம்பதை நெருங்குகிற ஓர் ஆடிட் பிரிவு ஆசாமிக்குப் பறக்கிற மாதிரி ஏன் இருக்க வேண்டும்?

1999-ல் எனக்கு 21 வயது. விமானப்படை பைலட் தேர்வுக்காக மைசூர் போனேன். 'பிஏபிடி' என்று ஒரு தேர்வு. அதில் ஒரு மெஷின். திரையில் ஓர் ஒளிப்புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். கையில் ஸ்டிக், காலில் பெடல். இரண்டையும் வைத்து, புள்ளியை ஒரு கட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். சிரமமான தேர்வுதான், ஆனால் சிரமம் அதன் விசேஷம் அல்ல. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என்பதுதான் விசேஷம். ஐ.ஏ.எஸ். தேர்வைப் பொதுப் பிரிவில் உள்ளவர்கள்கூட இன்று ஆறு தடவை எழுதலாம். லைசென்ஸுக்கு எட்டு போட எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். இதில் ஒரு தடவை போயிற்று என்றால் இந்த ஜென்மத்துக்கு பைலட் கிடையாது. வேறு பிரிவுக்கு வரலாம். காக்பிட்டுக்கு வர முடியாது.

சாயங்காலம் செஸ்ட் நம்பர்களைப் படித்தார்கள். என் நம்பருக்கு முந்தையதைப் படித்தார்கள், அடுத்ததைப் படித்தார்கள்.

அப்துல் கலாம்கூட டேராடூனில் பைலட் தேர்வுக்குப் போனவர்தான். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இருந்தது எட்டு இடம். அவர் ராக்கெட் பக்கம் போனார். நான் ஆடிட் பக்கம் போனேன். 2006-ல் ஜனாதிபதியாக இருந்தபோது, 74 வயதில், புனேயில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தும்விட்டார். எனக்கு மணைப் பலகை.

இதெல்லாம் வீட்டில் பேசுகிற விஷயமாக இருந்ததில்லை. போன வருஷம் அக்கா பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கதவைச் சாத்திவிட்டு, "மாமா, ஏஎஃப்கேட் பாஸ் பண்ணிட்டேன். போர்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அம்மாவுக்கு இன்னும் சொல்லலை" என்றான். வயது 23. சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. பைலட் பிரிவுக்கு 24-தான் எல்லை. மெஷின் எல்லாம் இப்போது கம்ப்யூட்டர் மயம். ஒரே தடவை என்கிற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

"உங்க ஸ்டிக்கில கொஞ்சம் பழகிக்கட்டுமா மாமா?"

"கேம் ஆடினா பாஸ் பண்ணலாம்னு நினைக்காதே. அது வேற, இது வேற" என்றேன். கேப் ரெய்னியைப் போட்டுக் கொடுத்தேன்.

பையன் ஸ்டிக்கைப் பிடித்த பிடியில் பலகையே முனகியது. மூக்கு கொஞ்சம் ஏறினால் அழுத்துகிறான், விமானம் அரை விநாடி கழித்து அதிகமாக இறங்குகிறது, பதறி இழுக்கிறான், இன்னும் அதிகமாக ஏறுகிறது. நாலு குதி, பாறை, தீப்பிழம்பு. இது நிஜத்திலும் நடக்கிற வியாதிதான். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒய்எஃப்-22 சோதனை விமானம் ரன்வேக்குக் கொஞ்சம் மேலே இதே மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் தரையில் மோதிச் சறுக்கியது. ஓட்டியவர் அனுபவஸ்தர், நல்லவேளை, உயிர் பிழைத்தார். விமானத்தின் கம்ப்யூட்டரும் மனுஷக் கையும் ஒன்றை ஒன்று துரத்த ஆரம்பித்தால், கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் இந்தக் கதிதான்.

"பிடிக்காதேடா. பேனா பிடிக்கிற மாதிரி வெச்சுக்கோ. தப்புன்னு தெரிஞ்சா இன்னும் பாதியாக் குறை" என்றேன்.

மூன்று வாரம் ராத்திரி எட்டுக்கு வந்துவிடுவான். பத்தாவது நாள் மலை இடுக்கைத் தாண்டினான். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரலும் கட்டைவிரலும் மட்டும் ஸ்டிக்கில் இருக்க, விமானம் அவன் பாட்டுக்குப் போகும். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டி.வி.யில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. போனில் வந்தாள். "உன் ஆசையை எம் புள்ளை தலையில கட்டாதடா. நல்ல வேலையில இருக்கான். ஒத்தைப் புள்ளை." நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் தப்பாக எதுவும் இல்லை.

பையன் போனான். மெஷினையும் தாண்டினான், போர்டிலும் தாண்டிவிட்டான். "மாமா, என் நம்பரைப் படிச்சாங்க" என்று மட்டும் போனில் சொன்னான். இதை எழுதும்போது மெடிக்கலுக்காக பெங்களூரில் இருக்கிறான். அதற்குப் பிறகு மெரிட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அது வரும்வரை எதுவும் நிச்சயமில்லை.

போன சனிக்கிழமை அக்கா வந்தாள். காபி குடித்தாள். என்னோடு பேசவில்லை, என் மனைவியோடுதான் பேசினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டி.வி.க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்து, "இதைத்தான் பிடிச்சுப் பிடிச்சுப் பழகினானா?" என்றாள்.

"ஆமா."

"போடு, பார்க்கலாம்."

முட்டி மேல் பலகையை வைத்துக் கொடுத்தேன். முதல் மிஷனை ஈஸியில் போட்டு, கன்ட்ரோலை ஸ்டாண்டர்டுக்கு மாற்றிவிட்டேன். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏதோ சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி ஸ்டிக்கைத் தொட்டாள். விமானம் துளிகூட ஆடாமல் போயிற்று. மெதுவாக இழுத்தாள். மேலே ஏறி, ஏறி, மேகத்துக்குள் போய், டி.வி. முழுக்க வெள்ளை.

"ஒண்ணும் தெரியலையேடா."

"பரவாயில்லக்கா. மூக்கை லேசா இறக்கு."

இறக்கினாள். மேகம் விலகி, கீழே கடல் வந்தது. அவள் கண் டி.வி.யை விட்டு அகலவில்லை. எதிரி விமானங்கள் ஒரு பக்கம் பறந்துகொண்டிருந்தன. அவற்றை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"தரையில இறக்கறது எப்படின்னு சொல்லு."

"இந்த மிஷன்ல இறக்கறது கிடையாதுக்கா."

"அப்போ இருக்கிற மிஷனைப் போடு" என்றாள் அக்கா.