ரஃப் காப்பி, ஃபேர் காப்பி

திங்கள்

மாலை டியூஷனில் சம்மரி. பிளஸ் டூ ஆங்கிலத் தாளில் ஐந்து மதிப்பெண். கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, தலைப்பு வைத்து, ரஃப், ஃபேர் இரண்டையும் காட்ட வேண்டும். ஒருத்தி எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். முதலில் ஃபேரை முத்து முத்தாக எழுதி முடித்தாள். பிறகு மேலே விட்டிருந்த இடத்தில் அதையே கொஞ்சம் கோணலாக எழுதி, இரண்டு சொல்லை வேண்டுமென்றே அடித்து, பென்சிலால் குறுக்கே கோடு இழுத்தாள். ரஃப் தயார்!

"எல்லாரும் இப்படித்தான் டீச்சர்."

உண்மைதான். எதை விடுவது என்ற தடுமாற்றம்தான் ரஃப். அதைத் திருத்துகிறவர் கண்ணுக்காகப் பிறகு தயாரிக்கிறார்கள். பையன்களுக்கு அந்தச் சிரமமும் கிடையாது. பத்திக்கு ஒரு முதல் வரி எடுத்து, சொல் கணக்கு வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

செவ்வாய்

அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்கும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி திருக்கருவை என்ற இந்த ஊர்ப் பால்வண்ணநாதர் மேல் பாடியது. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கம். மனப்பாடத்துக்கு அதைவிட வசதி உண்டா? மனப்பாடத்தை நான் ஒருபோதும் கேலி செய்வதில்லை. ஆனால் கைடிலிருக்கும் கருத்தை மனப்பாடம் செய்து 'என் கருத்து' என்று எழுதுவது வேறு சங்கதி.

வியாழன்

கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலப் புத்தகத்தில் 'தி சேர்' ஆகி உரைநடைப் பாடமாக இருக்கிறது. இடைசெவல் இங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை, கழுகுமலை, கோவில்பட்டி வழியாகப் போய்விடலாம். நம் கரிசல் கதையைப் பிள்ளைகள் கைடு வழியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்தை மூடச் சொன்னேன். எதை எடுத்தால் கதை நிற்காது?

"சப் ஜட்ஜ் முக்காலியில இருந்து விழுறதை எடுத்துரலாம், அது சும்மா சிரிப்புக்கு" என்றான் ஒருவன்.

"அதை எடுத்தா நாற்காலி எதுக்குச் செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்? வந்தவர் முன்னால கௌரவம் போனதாலதானே" என்றாள் அடுத்தவள்.

கொஞ்சம் கிளறினேன். செத்தவரை உட்காரவைக்க நாற்காலியை ராத்திரியில் வந்து கேட்கிறார்கள். வீட்டில் யாருக்கும் மனசில்லை. முடியாது என்று ஏன் சொல்லவில்லை?

"எழவு வீட்டுக்குக் கேட்டா எப்படி டீச்சர் இல்லைங்கிறது?"

பின்பெஞ்சுப் பையன் விடவில்லை: "அதான் அப்புறம் கேட்டு வந்தவங்களை மாமா வீட்டுக்குக் கை காட்டிட்டாங்கள்ல. இல்லைன்னும் சொல்லலை, குடுக்கவும் இல்லை."

அனாலிசிஸ் என்பது இதுதான் என்றேன். கௌரவத்துக்காகச் செய்த பொருளை ஊர் தனக்கு வேண்டியதற்கு எடுத்துக்கொள்கிறது. தடுக்கவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் ஒரு குடும்பம் நெளிகிறது. எழுதச் சொன்னேன். நோட்டில் வந்தது: நாற்காலி பயத்தின் குறியீடு. அதுவும் பாதிப்பேர் நோட்டில், அதே கைடு வரி.

ஆங்கிலம் தெரியாத குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். பேசியதை எழுதினால் மதிப்பெண் வராது என்று யாரோ இவர்களை நம்ப வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி

ஒப்பீனியன். ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' இதழில் டீ போடுவதற்குப் பதினொரு விதி எழுதினார். அவர் பிறந்தது பீகார் மோதிஹாரியில். டீக்குச் சீனி கூடாது என்று அவர் அடித்துச் சொல்வதைப் படித்ததும் வகுப்பே கொதித்தது. ஆனால் நோட்டில் எல்லாரும் ஆர்வெல்லை ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பவரை எதிர்த்து எழுதலாமா என்ற பயம்!

சனி

ஏ.ஜி. கார்டினர் கட்டுரை. பெட்ரோகிராடில் கூடையோடு நடுத்தெருவில் நடந்த கிழவி, சுதந்திரம் வந்துவிட்டது, இஷ்டப்பட்ட இடத்தில் நடப்பேன் என்கிறாள். கட்டுரை அவளைக் கண்டிக்கிறது. இந்த முறை கைடு இல்லாத கேள்வியாகக் கொடுத்தேன்: ஆவணித் தபசுத் திருவிழா அன்றைக்கு நம் தெருவில் யார் ஒதுங்க வேண்டும்?

வியாழக்கிழமைப் பின்பெஞ்சுப் பையன் எழுதியிருந்தான். அன்றைக்கு லாரிதான் ஒதுங்க வேண்டும், ஏனென்றால் வருஷம் முழுக்க நாங்கள் ஒதுங்குகிறோம். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் சப்பரமும் ஒதுங்க வேண்டும். டென்ஸ் எல்லாம் தப்பு, எழுத்துப்பிழையும் நிறைய. மேலே ரஃப் இருந்தது, நிஜமான ரஃப். ஆம்புலன்ஸ் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறான். ஐந்துக்கு நாலு போட்டேன். பரீட்சையில் இரண்டுதான் விழும், அதையும் அவனிடம் சொன்னேன்.